பாலத்துக்குக் குனிந்த தலை

மாட்சுவே,
நவம்பர் கடைசி, செவ்வாய் இரவு

அன்புள்ள மிஹோ அக்காவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். ஏரியில் வாடைக்காற்று ஆரம்பித்துவிட்டது, அன்னங்களும் வந்து இறங்கிவிட்டன. அங்கே நீயும் அத்தானும் உன் வயிற்றில் இருக்கிற குட்டியும் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும். அம்மாவின் கடிதம் எப்போதும் இப்படித்தானே தொடங்கும், அதனால் நானும் அப்படியே தொடங்கிவிட்டேன். இந்த மாதப் பார்சலில் ஏரி மட்டி வரும், அம்மாவின் கடிதம் வராது. "எழுதறதுக்கு என்ன இருக்கு, அதான் எல்லாத்தையும் அவங்களே பேசி முடிச்சுட்டாங்களே" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் தேநீர்ச் சாமான் வைக்கிற அலமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். எனவே அம்மா எழுத வேண்டியதை நான் எழுதுகிறேன். மாடியில் உன் அறையில், அதாவது என் அறையில், அதாவது இப்போது யாருடையது என்றே தெரியாத அறையில், போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். காலையில் பார்சல் வண்டி வருவதற்குள் இதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மட்டிப் பைகளுக்கு அடியில் சொருகிவிட வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அம்மா தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். "உங்க அக்காவுக்கு நீ இதைப் பத்தி ஒரு வார்த்தை எழுதினேன்னு தெரிஞ்சுது, மூட்டையைக் கட்டிக்கிட்டு நீயும் கனசாவாவுக்கே போயிடு, அங்கதான் எல்லாமே உசத்தியாச்சே." சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. போனில் சொல்லலாம் என்றால் போன் அம்மா படுக்கும் அறை வாசலில் இருக்கிறது. அப்பாவிடம் நீங்களாவது அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன், அவர் "ரெண்டு வீட்டுப் பெரியவங்க விஷயம், நாம தலையிட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படகுக்காரத் தொப்பியைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு ஒரு பயம் அம்மாவை நினைத்து, இன்னொரு பயம் இதை எழுதுவதால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சண்டை மூண்டுவிடுமோ என்று. எழுதாமல் இருந்தால் வரப்போவது அதைவிடப் பெரிய பயமாக இருப்பதால் எழுதுகிறேன். நீ ஜனவரி கடைசியில் பிள்ளை பெறப்போவது எந்த ஊரில் என்று ஒரு தாழ்ந்த பாலம் முடிவு செய்துவிட்டது. அது உனக்குத் தெரியாது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

உன் மாமியார் தொகாஷி அம்மா இங்கே வந்துபோனதை அவரே உன்னிடம் சொல்லியிருப்பார், ஆனால் அவர் பார்த்தது வேறு, சமையலறைக்குள் இருந்து நான் பார்த்தது வேறு. அவர் வருகிறார் என்றதும் அம்மா ஒரு வாரமாகத் தூங்கவில்லை. ஷோஜிக் கதவுக் காகிதத்தையெல்லாம் கிழித்துப் புதிதாக ஒட்டினாள். கதோவாகி மாமா விடிகாலையில் ஏரியில் வாரிக்கொண்டு வந்த மட்டியில் பெரியதாகப் பார்த்துப் பொறுக்கினாள், சின்னதெல்லாம் எங்களுக்கு. அவர் வந்து உட்கார்ந்ததும் கையோடு கொண்டுவந்த பெட்டியை நீட்டினார், கனசாவாவின் அச்சு மிட்டாய், ரொம்ப அழகான பெட்டி. அம்மா இரண்டு கையாலும் வாங்கி நெற்றி தரையில் படக் கும்பிட்டுவிட்டு, உள்ளே வந்து என் காதில், "டீக்குப் பலகாரம் செய்யற ஊருக்கே பலகாரம் தூக்கிட்டு வந்திருக்காங்க பாரு, நம்மகிட்ட இல்லேன்னு நினைச்சாங்களோ" என்றாள். உடனே நம் ஊர்ப் பச்சைப் பலகாரத்தைப் பெரிய துண்டாக வைத்து, பச்சைத் தேயிலைப் பொடியில் டீ கடைந்து கொண்டுபோனாள். தொகாஷி அம்மா பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "பாதிதான் தொண்டையில இறங்குச்சு" என்று அம்மாவுக்கு ஒரு மனக்குறை. அது உனக்காக எடுத்து வைத்தது என்று நான் சொன்னேன், அம்மா நம்பவில்லை. அந்தப் பாதி உன்னிடம் வந்து சேர்ந்ததா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். இரண்டாம் கிண்ணம் டீ கடையட்டுமா என்றதற்கு, அவர், "எங்க வீட்டுல மத்தியானம் வறுத்த தேயிலைக் காம்பு டீதான், மிஹோவும் இப்ப அதுக்குப் பழகிட்டா" என்றார். நம் வீட்டில் காலையும் மாலையும் டீ கடைய முதலில் ஓடுகிறவள் நீதான். அம்மா கடையும் கோலை அலசி அலசி வைத்துக்கொண்டே இருந்தாள், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் மட்டி போட்ட மிசோ சாறு. தொகாஷி அம்மா சாற்றைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு மூடியை வைத்து மூடிவிட்டார். அம்மா உள்ளே எடுத்துவந்து மூடியைத் திறந்தால், ஓடெல்லாம் வாயைத் திறந்தபடி, சதையெல்லாம் அப்படியே கிடந்தது. பொறுக்கிப் பொறுக்கி எடுத்த மட்டி அக்கா! "நான் என்ன கூழாங்கல்லா போட்டேன்?" என்று என்னைக் கேட்டாள், ஏதோ நான்தான் சாப்பிடாத மாதிரி. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், எங்கள் கைப்பக்குவம் பிடிக்கவில்லையோ என்று தேனாகக் கேட்டாள். அவர் பாவம், "ஐயோ, அருமையான சாறு சம்பந்தியம்மா. எங்க பக்கம் மட்டி சாறுக்குத்தான், சதையை யாரும் எடுக்க மாட்டாங்க. மிஹோகூட இப்பல்லாம் எங்களை மாதிரியே சதையை விட்டுடறா" என்று சொன்னார். மூன்று வயதில் சாப்பாட்டுக் குச்சி பிடிக்கத் தெரியாமல் பல்லாலேயே சதையைக் கொத்தித் தின்பாய் என்று அம்மா உன்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாளே, அந்த மகள். அம்மா எழுந்து போய் உன் மாமியாருக்குப் போடுவதற்காக வெயிலில் காயவைத்த மெத்தையை இன்னொரு தரம் உதறினாள்.

மறுநாள் கோட்டைக்குக் கூட்டிப்போனோம். காலுறையோடு அந்தச் செங்குத்துப் படிகளில் ஏறும்போது அம்மா முன்னால் இருந்து திரும்பி, "உங்க ஊர்க் கோட்டையில ஏறிப் பாக்க மேல்மாடமே இல்லையாமே, எரிஞ்சு போச்சாமே, பாவம்" என்றாள். தொகாஷி அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆமா சம்பந்தியம்மா, அதனாலதான் எங்க ஊர்ல முட்டி வலி கம்மி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன். உன் மாமியாரை எனக்குப் பிடித்திருக்கிறது அக்கா, இதையும் அம்மாவிடம் சொல்லிவிடாதே. மத்தியானம் மூன்றடுக்குக் கிண்ணத்தில் கறுப்பு நூடுல்ஸ் வந்தபோது அவர் சாற்றைத் தனியாக ஊற்றி அதில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார். அம்மா, இங்கே மேலேயே ஊற்றிக்கொண்டு, மிஞ்சின சாற்றை அடுத்த அடுக்கில் கவிழ்ப்போம் என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலம் ஏரிக்கரையில் நின்று, சின்னத் தீவுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்தோம். அன்றைக்கென்று மேகமே இல்லை, தண்ணீரெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. அம்மா பெருமையோடு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர், "எங்க ஊர்ல கடலுக்குள்ளயே இறங்கும்" என்றார். இருட்டினதும் நடந்து வரும்போது அம்மா எனக்கு மட்டும் கேட்கும்படி, "இந்த மாசம் ஊர் ஊரா இருக்கற சாமியெல்லாம் நம்ம பக்கம்தானே வந்து உக்காந்து, யாருக்கு யாரைக் கட்டி வைக்கலாம்னு பேசுது. உங்க அக்கா பேரு வந்தப்ப நம்ம சாமி தூங்கிடுச்சுபோல" என்று முணுமுணுத்தாள்.

இனிமேல்தான் விஷயம். அடுத்த நாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது, கோட்டை அகழியில் அப்பா ஓட்டுகிற படகின் முதல் ஓட்டத்தில் எங்களைத் தவிர ஆளில்லை. நீ போன பிறகுதான் படகுக்கு நடுவில் கணப்பு மேசை போட்டார்கள், மேலே பருத்திப் போர்வை. அம்மாவும் தொகாஷி அம்மாவும் எதிரெதிரே காலை உள்ளே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், நான் ஓரத்தில். கிளம்பும் முன்னால் வழக்கம்போல அப்பா படகின் கூரையைத் தாழ இறக்கிக் காட்டி, தாழ்ந்த பாலம் வரும்போது இப்படிக் குனிய வேண்டும் என்று ஒரு தரம் எல்லோரையும் பழக்கினார். பழகும்போது இரண்டு பேரும் நன்றாகத்தான் குனிந்தார்கள். சாமுராய் வீட்டுச் சுவர், பைன் மரங்கள், ஒற்றைக்காலில் நிற்கிற கொக்கு என்று அம்மா ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள், எல்லாம் அவளே செய்து வைத்த மாதிரி. நடுவில் தொகாஷி அம்மா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து மேசைமேல் வைத்து, "சம்பந்தியம்மா, ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். பிரசவத்துக்கு மிஹோவை எங்ககிட்டயே விட்டுடுங்க. பனி கொட்டற நேரத்துல ரயில் மாறி மாறி அவ்வளவு தூரம் அனுப்ப எனக்குப் பயமா இருக்கு. என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன். மிஹோவுக்கும் அப்படித்தான் தோணுது" என்றார். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வரமாட்டாள் என்று சொன்னால் அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், அதுவும் 'என் பொண்ணு மாதிரி' என்கிற வார்த்தையோடு. அம்மாவின் உதடு இறுகியது. அது எனக்குத் தெரிந்த உதடு, 'முடியாது' வருவதற்கு முன்னால் அப்படித்தான் இறுகும். வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்னால் இருந்து அப்பா, "பாலம் வருது, தலை!" என்று கத்தினார்.

கூரை இறங்கியது. குனியாமல் இருக்க முடியுமா? அம்மா குனிந்தாள், தொகாஷி அம்மாவும் குனிந்தார், இரண்டு பேர் நெற்றியும் போர்வையில் பட்டது. பாலத்துக்கு அடியில் குரல் நன்றாக எதிரொலிக்கும் என்று அப்பா எப்போதும் ஒரு பாட்டுப் பாடுவார், அன்றைக்கும் பாடினார், பாவம் அவருக்கு ஒன்றும் தெரியாது. பாலம் கடந்தது, கூரை ஏறியது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. முதலில் தலை தூக்குகிறவள் மரியாதை தெரியாதவள் ஆகிவிடுவாளே, அதனால் இவள் எழட்டும் என்று அவரும், அவர் எழட்டும் என்று இவளும். "பாலம் போயாச்சு, எந்திரிக்கலாம்" என்றார் அப்பா. அசையவில்லை. "நிஜமாவே போயாச்சும்மா" என்றார் மறுபடி. கடைசியில் தொகாஷி அம்மாதான் தலையைத் தூக்கினார், கண்ணெல்லாம் தண்ணீர். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு சுலபமா சம்மதிப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்ல சம்பந்தியம்மா, இவ்வளவு நேரம் தலையைத் தாழ்த்தி... நானா இருந்தா என் பொண்ணை விட்டிருக்க மாட்டேன்" என்று அழுதார். மிச்ச தூரம் அம்மா கொக்கைக்கூடக் காட்டவில்லை.

அவரை ரயில் ஏற்றிவிட்டு வந்ததும் வீட்டில் நடந்ததைக் கேள். அப்பா, அப்போதே விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்றார். அம்மா, "அழுதுக்கிட்டிருக்கற பொம்பளைகிட்ட போய், நான் உங்களுக்குக் குனியல, பாலத்துக்குத்தான் குனிஞ்சேன்னு சொல்லச் சொல்றீங்களா? உங்க வாய் ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். "பொறுத்திருந்தா தலை போயிருக்கும்" என்றார் அப்பா. "போயிருந்தா நிம்மதியா இருந்திருக்கும், போய்ப் பாலத்தை உசத்திக் கட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். "நன்றிம்மா" என்று நீ சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அம்மா "அங்கேயே சௌகரியமா இரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வைத்ததும் என்னைப் பார்த்து, "பாத்தியா, வர வேண்டாம்னதும் நன்றி சொல்றா" என்றாள். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. நீ எதற்கு நன்றி சொன்னாய் அக்கா? உனக்கு நிஜமாகவே அங்கேயே இருக்கப் பிடித்திருந்தால் இரு, நான் இதோடு வாயை மூடிக்கொள்கிறேன். அம்மாவுக்கு நான் வேண்டாம்போல, அதனால்தான் கேட்டவுடன் சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அழுகையை அடக்கி நன்றி சொல்லியிருந்தால், அந்த நினைப்பு தப்பு. அம்மா சம்மதிக்கவே இல்லை. படகில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான், அந்த உதட்டைப் பார்த்தவளும் நான் மட்டும்தான்.

இப்போது கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டது, விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை, மட்டி மண் கக்குவதற்காக அம்மா உப்புத் தண்ணீரை மாற்றுகிறாள். நாளைக்கு உனக்கு வரும் பையை ஏற்கெனவே உறைய வைத்தாயிற்று, இது எதற்கென்று சாயங்காலமே கேட்டேன், "சும்மா" என்றாள். இப்படித்தான் இருக்கிறாள். வெயில் தலைகாட்டுகிற நாளெல்லாம், குட்டிக்கென்று தைத்து வைத்த சின்ன மெத்தையை மாடிக் கம்பியில் போட்டுத் தட்டுகிறாள், யாருக்கு என்று கேட்டால் பூச்சி வந்துவிடும் என்கிறாள். ஆஸ்பத்திரியில் கோடையிலேயே உன் பேரைச் சொல்லி வைத்தாளே, இன்னும் வேண்டாம் என்று சொல்லப் போகவில்லை. பிரசவம் சுகமாக ஆக வேண்டும் என்று ஐந்தாம் மாதம் கோயிலில் வைத்து வாங்கி அனுப்பின வயிற்றுத் துணிக்கட்டைப் பற்றித்தான் தினமும் பேச்சு. உன் மாமியாரும் ஒன்று வாங்கிக் கொடுத்தாராம், அது அம்மாவுக்குத் தெரிந்துபோனது. "எதைக் கட்டியிருக்காளோ" என்று பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். அம்மா கேட்டால் இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டுகிறேன் என்று நியாயம் பேசாதே. நம்முடையதை உள்ளே, உடம்போடு கட்டியிருக்கிறேன் என்று சொல்.

எனக்கும் பொறாமைதான் அக்கா, அம்மாவை மட்டும் சொல்லவில்லை. பெரிய மட்டி உனக்கு, திட்டும் எனக்கு. நீ வருவாய் என்று கோடையிலேயே என்னை இந்த அறையைக் காலி பண்ணச் சொல்லி, அரிசி மூட்டை வைக்கிற அறைக்கு அனுப்பினாள். பாலத்துக்கு அப்புறம்தான், "இனி யாருக்கு அது, நீயே இரு" என்று சொன்னாள். நான் மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன், அன்று ராத்திரி ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாகத் தூங்கினேன். அம்மாவுக்குப் பரீட்சை மார்க்கைக் காட்டினால், "ம், மிஹோ இந்த வயசுல" என்றுதான் ஆரம்பிப்பாள். இனி அந்தக் குட்டி வந்தால் அந்த 'ம்'கூட எனக்குக் கிடைக்காது. குட்டிமேல் பொறாமைப்படமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது, தூக்கி வைத்துக்கொள்வேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். அரிசி அறை ஒன்றும் அவ்வளவு மோசமில்லை, எலிகூட இல்லை.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை டீ கடைகிற நேரத்துக்குப் போன் செய், அப்போது அம்மா நல்ல மனநிலையில் இருப்பாள். நான் எழுதினேன் என்று மூச்சு விடாதே, பாலத்தைப் பற்றியும் பேசாதே. "அம்மா, எனக்கு உன் கையால மட்டிச் சாறு வேணும், சதையோட" என்று மட்டும் சொல். அம்மா குத்திக் காட்டுவாள், ஏன் அங்கே காம்பு டீ இருக்கிறதே என்பாள், போனை வைத்துவிடாதே. தனியாகவா ரயில் ஏறுவாய், மூளை இருக்கிறதா என்று திட்ட ஆரம்பித்தாள் என்றால் வரச் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம், பையைக் கட்டலாம். டாக்டர் பயணம் கூடாது என்று சொல்வதற்குள், தண்டவாளத்தில் பனி சேர்வதற்குள், டிசம்பர் முதல் பாதியில் வந்துவிடு. உன் மாமியாரிடமும் நீயே பேசு, எனக்குத் தாய்வீட்டு ஏக்கம் என்று சொன்னால் அவர் புரிந்துகொள்வார், 'நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்' என்று அவரே சொன்னாரே. கூட வந்து உன்னை விட்டுவிட்டுப் போகச் சொல், மட்டிச் சதையை எப்படிச் சாப்பிடுவது என்று இந்தத் தடவை நானே சொல்லித்தருகிறேன்.

நேற்று அப்பாவிடம் சும்மா கேட்பதுபோல, ஒருவேளை மிஹோ அக்கா வந்தால் படகில் கூட்டிப்போவீர்களா என்று கேட்டேன். "வயித்தோட குனிய முடியாதுல்ல. தாழ்ந்த பாலத்துக்கு முன்னாலயே திருப்பிடுவேன்" என்றார். அங்கே படகு திரும்ப இடம் இருக்கிறதா என்றேன். "அளந்து பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் காயப்போடப் போய்விட்டார். இரண்டு வீட்டுப் பெரியவங்க விஷயம் என்று சொன்ன அதே அப்பாதான்.

மறக்காதே, மட்டியை வெளியே எடுத்து உருக வைக்காதே, உறைந்தபடியே கொதிக்கிற தண்ணீரில் போடு. சதையை விடாதே. குளிரில் வெறுங்காலோடு தரையில் நிற்காதே. அம்மா கடைசியில் எழுதுகிற ஆசீர்வாதத்தை நான் எழுதினால் சின்னவளுக்கு வாய் நீளம் என்பாய். ஆனால் இன்று சாயங்காலம் பார்சல் பெட்டியைத் துடைத்து எடுத்து வைக்கும்போது, நான் பின்னால் நிற்பது தெரியாமல், அம்மா பெட்டியைத் தட்டிக்கொண்டே, "நல்லபடியா வந்து சேரு" என்றாள். மட்டிக்கு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அது உனக்குத்தான், வைத்துக்கொள்.

அம்மாவுக்குப் பதிலாக எழுதும்
உன் தங்கை
கனாயே